சட்டத்துக்கு அடியில்

டோங்காட்டில் கரும்பு எரிக்கும் மாதம்.
கதவைச் சாத்தினாலும் சாம்பல் கடைக்குள் வந்துவிடும்.
கண்ணாடியைத் துடைத்துத் திரும்புவதற்குள்
கறுப்பாய் ஒரு துகள் வந்து உட்கார்ந்திருக்கும்.

படையாச்சி சிறுத்தையைப் போர்வையில் சுற்றிக்
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல
இரு கையிலும் ஏந்திக் கொண்டுவந்தார்.
கரையான் தின்ற சட்டம்.
"வேறு போடு, தேவானை. தங்க நிறம் வேண்டாம்.
மருமகளுக்குப் பிடிக்காது."

மாருலா மரக்கிளையில் படுத்திருக்கிறது.
முன்கால் ஒன்று கீழே தொங்குகிறது,
காயப்போட்டு மறந்த துணி மாதிரி.
முகம் நம் பக்கம். கண் நம்மீது இல்லை.
சற்றுக் கீழே, நம் இடுப்பருகில் எங்கோ.

"பசி" என்றார் படையாச்சி.
"ஐம்பது வருஷம் சாப்பாட்டு மேசைக்கு மேலே இருந்தது.
அப்பா முதல் கவளத்துக்கு முன் ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பார்.
யாருக்கும் அடங்காத பிராணி என்பார்.
வேறு எதையும் அவர் பெருமையாய்ச் சொல்லி
நான் கேட்டதில்லை."

பலகை அறுக்கும் பெகி ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்தான்.
"இங்வே" என்றான், தெரிந்தவரைக் கூப்பிடுவதுபோல.
கொஞ்ச நேரம் குனிந்தே நின்றான்.
"பசி இல்லை. வயிறு கிளையில் வழிகிறது, பாருங்கள்.
இடது காது பின்னால் திரும்பியிருக்கிறது.
முதுகுப் பக்கம் ஏதோ சத்தம்.
பழகிய சத்தம்.
இல்லையென்றால் வால் இப்படியா கிடக்கும்?"

"வரைந்தவனுக்குக் காது வரவில்லை" என்றார் படையாச்சி.
பெகி தோளைக் குலுக்கிவிட்டு ரம்பத்துக்குப் போனான்.
எனக்கு அப்போது கருத்து ஒன்றும் இல்லை.
அளவு மட்டும் வேண்டியிருந்தது.

மாலையில் ஆணிகளைப் பிடுங்கினேன். பதினாறு.
சட்டம் கழன்றதும் கீழோரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப்
புல் நேற்றுத் தீட்டியதுபோல் பச்சை.
வெயிலும் சமையல் புகையும் படாத பச்சை.
அதன் குறுக்கே, கோடியிலிருந்து கோடிவரை,
ஒரு கம்பி.
நடுவில் முள்முடிச்சு. முடிச்சின் தலையில்
வெள்ளைப் பொட்டாய் ஒரு வெயில்.
மீசைக்குக்கூட அவன் இவ்வளவு நேரம் செலவழிக்கவில்லை.

இப்போது கண் எங்கே பார்க்கிறது என்று தெரிந்தது.
காதுக்குப் பின்னால் ஒரு வாளியின் ஓசைகூடக் கேட்டது,
இறைச்சி வாளி,
அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

ஆனால் வேலிக்கு உட்பக்கம் எதுவென்று
கம்பி சொல்வதில்லை.
காட்டு விடுதிகளில் வேலிக்குள் இருப்பது மனிதர்கள்தான்.
வரைந்தவன் எந்தப் பக்கம் நின்றான்?
அதை வாங்கியவர்?
தோல் பார்த்துத் தெருவைப் பிரித்த சட்டம் நடந்த காலத்தில்,
லாரியில் வந்து இறங்கிய புதுவீட்டில்,
முதலில் மாட்டிய படம் இது.

பின்கட்டையில் பென்சில் எழுத்து:
கீழே முக்கால் அங்குலம் மறைக்கவும்.
கையெழுத்து இல்லை.

ஃபோனில் சொன்னேன்.
"எத்தனை கம்பி?" என்றார்.
"ஒன்றுதான் தெரிகிறது. அதற்குக் கீழே துணி முடிந்துவிடுகிறது."
அந்தப் பக்கம் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள்.
"தச்சனுக்கு அளவு எடுத்தது அப்பா.
டேப்பின் மறுமுனையை நான் பிடித்தேன். ஏழு வயது.
இன்னும் மேலே, இன்னும் மேலே என்றார்.
நான் டேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."
பிறகு, "புதன்கிழமை வருகிறேன்" என்றார்.
மூடு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை.

"எத்தனைக்கு அறுக்கட்டும்?" பெகி கேட்கிறான்.
சிறுத்தையின் விலாவில் புதிதாய் ஒரு புள்ளி.
ஊதிப் பார்க்கிறேன்.
ஒன்று பறக்கிறது.
பக்கத்தில் இன்னொன்று, அதையும் ஊதுகிறேன்,
அது போகவில்லை.